பிடிபட்டவனும் சரணடைந்தவனும்

மலாயா அவசர காலத்தைப் பற்றிய புத்தகங்களில் எங்காவது ஓர் இடத்தில் இந்தக் கணக்கு வரும். 1948 முதல் 1960 வரை கொல்லப்பட்ட கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் 6,710 பேர். பிடிபட்டவர்கள் 1,287. சரணடைந்தவர்கள் 2,702. இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதை யார் போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று பார்த்தால், பிடிபட்ட ஒருவனைப் போலீஸ் எப்படித் தன் கூட்டாளிகளைப் பற்றிப் பேச வைக்கிறது என்பது விளங்கும்.

நான் இருப்பது கேமரன் மலையில், கோலா தெர்லாவில். இன்று வருகிறவர்கள் கண்ணுக்குத் தேயிலையும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களும்தான் படும். அவசர காலத்தில் இது அரசாங்கம் குடியேற்றிய புதுக்கிராமங்களில் ஒன்று. பழைய லயத்து ஆட்களிடம் கேட்டால் ஊரடங்கு, அரிசிப் பங்கீடு, கேட்டில் நடந்த சோதனை எல்லாம் சொல்வார்கள். யார் யாரைக் காட்டிக் கொடுத்தது என்று கேட்டால் மட்டும் “அதெல்லாம் இப்ப எதுக்குய்யா” என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். கேமரன் மலையில் மட்டும் நடந்த கதை இல்லை இது. மலாயா முழுக்க இதுதான் நடந்தது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசர காலம் வந்தது. புதிய விதிகளின்படி, அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை. சுட்டிருக்கவே வேண்டாம், இடுப்பில் இருந்தால் போதும். நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்க வழி இல்லை. அந்த 12 ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்டவர்கள் தூக்கில் போடப்பட்டார்கள்.

இந்தச் சட்டம்தான் விசாரணை அறையின் முதல் கருவி. காட்டிலிருந்து துப்பாக்கியோடு பிடிபட்டவன் முன்னால் கயிறு ஏற்கெனவே தொங்குகிறது. அவனை மிரட்ட வேண்டிய அவசியமே இல்லை. சரணடைந்தவனுக்கோ வேறு வழி. பொதுவாக அவன் மீது வழக்கு கிடையாது, வெகுமதி உண்டு, வேலைக்கும் வழி உண்டு. பிடிபட்டவன் ஒத்துழைத்தால் பல நேரங்களில் அவனையும் சரணடைந்தவனைப் போலவே நடத்தினார்கள். கோட்டின் எந்தப் பக்கம் ஒருவன் நிற்கிறான் என்பது அவன் வாயைத் திறக்கிறானா என்பதைப் பொறுத்திருந்தது.

அடுத்த கருவி சோறும் மருந்தும். பிடிபட்டால் வதைத்துக் கொன்றுவிடுவார்கள் என்று கட்சி சொல்லியிருந்தது. மாதக்கணக்கில் மரவள்ளியும் காட்டுக்கீரையும் தின்று புண்ணோடு வந்தவனுக்கு டாக்டர் மருந்து போட, ஓர் அதிகாரி சிகரெட் நீட்டினால், அவன் தயாராக வைத்திருந்த வீம்புக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அடியும் உதையும் இருந்தன. ஆனால் அடிபட்டவன் வலி நிற்பதற்காக எதையும் சொல்வான். ஸ்பெஷல் பிராஞ்சுக்குத் தேவைப்பட்டது உண்மையான தகவல், அதுவும் உடனே. ஓர் ஆள் காணாமல் போனதும் மற்றவர்கள் முகாமை மாற்றிவிடுவார்கள். நேற்றைய தகவல் இன்று வெறும் காலி முகாமைத்தான் காட்டும்.

ஆகவே பேசியவனையே வழிகாட்டியாகக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. நேற்று வரை கூடச் சாப்பிட்டவன் தன் கண் முன்னாலேயே சுடப்பட்ட பிறகு, வழி காட்டியவன் திரும்பிப் போக இடமே கிடையாது. 1953இல் சரணடைந்தவர்களை மட்டுமே கொண்ட ஒரு தனிப் படையும் அமைக்கப்பட்டது. பழைய தோழர்களை வேட்டையாடுவதுதான் அதன் வேலை.

இப்போது இரண்டு மனிதர்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

எஸ். ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். இந்திய அரசு அவருக்காகப் பேசிப் பார்த்தது. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹென்றி கர்னியின் அரசு முதல் சரணடைவுச் சலுகையை அறிவித்தது. கொலை செய்யாதவர்கள் வெளியே வந்தால் மரண தண்டனை இல்லை என்றது. கணபதி போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஹோர் லுங் கட்சியின் தென் மலாயாத் தலைவர். 1958 ஏப்ரலில் ஜொகூரில் சரணடைந்தார். போலீஸ் அதை வெளியே விடவில்லை. அவரையே பழைய சீருடையில் காட்டுக்குள் அனுப்பியது. தலைவரே வந்து சொல்கிறார் என்று நம்பி ஒவ்வொரு குழுவாக வெளியே வந்தது. ஆகஸ்டில் செய்தி வெளியானபோது ஏறக்குறைய 160 பேர் வந்திருந்தார்கள். அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது.

குற்றத்தை வைத்து இந்த இரண்டு முடிவுகளையும் எப்படி நியாயப்படுத்துவது? ஆயுதப் போரை ஆண்டுக்கணக்கில் நடத்திய தலைவருக்குப் பணம், இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்த தொழிற்சங்கவாதிக்குக் கயிறு. ஒருவர் எவ்வளவு பயன்படுவார் என்று எடை போட்டே அரசு மன்னிப்பு வழங்கியது. அந்த மன்னிப்பால் போர் சீக்கிரம் முடிந்தது, பல உயிர்கள் தப்பின என்பார்கள். ஹோர் லுங் அழைத்து வந்த 160 பேரும் சுடப்படாமல் வந்தார்கள் என்பது உண்மைதான். அதற்காக அதை நீதி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலமே ஒருவரைத் தூக்குமேடை வரை கொண்டுபோனதும் உண்டு. ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவத்துக்கு எதிரான வழக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலத்தின் மேல் நின்றது. அதில் ஒரு பகுதி அவர் ஏற்கெனவே விடுதலையான குற்றச்சாட்டைப் பற்றியது. 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்து செய்தது. பொதுச் சட்ட நாடுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது.

காட்டிக் கொடுப்பது இந்தப் போரோடு தொடங்கியதும் இல்லை. கட்சியின் பொதுச் செயலாளர் லாய் டெக் 1942இல் ஜப்பானியக் கெம்பெத்தாயிடம் பிடிபட்டு அவர்களுடைய ஆளானார். அதற்கு முன்பே பிரிட்டிஷ் போலீசின் உளவாளி. அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று பத்துமலை அருகே கூடிய தலைவர்களை ஜப்பானியர் சுற்றிவளைத்துக் கொன்றார்கள். துப்பு கொடுத்தது லாய் டெக். 1947இல் கட்சிப் பணத்தோடு ஓடிய பிறகுதான் விஷயம் முழுதாக அம்பலமானது. தலைவனே ஒற்றன் என்று தெரிந்த கட்சி வேறு யாரைத்தான் நம்பும்? 1960களின் இறுதியில், தாய்லாந்து எல்லையில், ஒற்றர்கள் என்ற சந்தேகத்தில் சொந்த ஆட்களையே கொன்றார்கள். கட்சி உடைந்தது. ஒரு துப்பாளியை உருவாக்கினால் நூறு பேர் மேல் சந்தேகம் விழும். அந்த வேலையைப் போலீஸ் செய்ய வேண்டியதில்லை, கட்சியே செய்துகொள்ளும்.

சரணடைந்தவர்களின் மனதைப் புரிந்துகொள்ள அமெரிக்க ஆய்வாளர் லூசியன் பை 60 பேரைப் பேட்டி கண்டு 1956இல் ஒரு நூல் எழுதினார். அறுபது பேரும் சீனர்கள். தமிழர் ஒருவர்கூட அதில் இல்லை.

காட்டுக்குள் போகாதவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. வேலிக்கு வெளியே அரிசி கடத்தியதாகப் பிடிபட்டவர்களிடமும் இதே பேரம்தான் நடந்தது. யாருக்குக் கொண்டுபோனாய், எந்த மரத்தடியில் வைப்பாய், அடுத்து எப்போது? சொன்னால் வீட்டுக்குப் போகலாம், ஆனால் காட்டுக்காரனுக்குத் தெரிந்தால் கழுத்து போய்விடும். சொல்லாவிட்டால் சிறை. கணபதியைப் போல இறந்தால் பெயர் நிற்கும், ஹோர் லுங்கைப் போல வந்தால் பணம் கிடைக்கும். ஒரு டின் அரிசிக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்த தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. 1,287இலும் அவர் இல்லை, 2,702இலும் இல்லை. பேசினாரோ பேசவில்லையோ, மறுநாள் காலை பிரட்டுக்குப் பெயர் கொடுக்க அதே ஆட்களோடுதான் அவர் வரிசையில் நின்றாக வேண்டும்.