பூஜ்யமும் புள்ளிகளும்: 'டெர்மினேட்டர் 2' திரைப்படமும் அதன் வீடியோ கேம்களும்

முன்னுரை

1991 ஜூலை 3 அன்று அமெரிக்காவில் வெளியான 'டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே', கொல்வதற்கென்றே செய்யப்பட்ட எந்திரம் ஒன்று கொல்லாமையைக் கற்கும் கதை. தனக்குக் காவலாக வந்த டி-800க்குச் சிறுவன் ஜான் கானர் இடும் கட்டளை, யாரையும் கொல்லக் கூடாது என்பதே. சைபர்டைன் நிறுவனக் கட்டடத்தின் மேலிருந்து போலீஸ் வாகனங்களை அது சல்லடையாக்கி முடிக்கும்போது, அதன் கண்முன் ஒளிரும் உயிரிழப்புக் கணக்கு 0.0. சுடச்சுடப் புள்ளி ஏறும் ஆர்கேட் ஆட்டத்துக்குள் இந்தப் பூஜ்யம் எப்படி நுழைய முடியும்? இப்படத்தின் வழிவந்த ஆட்டங்களை இக்கேள்வியோடு அணுகுகிறது இக்கட்டுரை.

எதிரெதிர்த் திசைகள்

1984இல் வந்த முதல் படத்தின் செலவு சுமார் 64 லட்சம் டாலர். இரண்டாம் படத்துக்கு ஏறத்தாழ 10 கோடி. 'தி அபிஸ்' (1989) படத்தின் நீர் உருவத்தில் இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனமும் சோதித்துப் பார்த்த கணினி வரைகலை, இங்கே திரவ உலோக வில்லன் டி-1000 ஆக வளர்ந்தது. கணினிக் காட்சிகள் மொத்தம் சுமார் 5 நிமிடமே. எஞ்சிய விளைவுகளில் பெரும்பங்கு ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் பொம்மைகளுக்கும் ஒப்பனைக்கும் உரியது. படம் பெற்ற 4 ஆஸ்கர் விருதுகளில் காட்சி விளைவுக்கானதும் ஒன்று.

அதே 1991இல் மிட்வே நிறுவனம் கொண்டுவந்த ஆர்கேட் ஆட்டம் நேர் எதிர்த்திசையில் நடந்தது. படத்தில் நடித்தோர் சிலரையே படம்பிடித்து, டிஜிட்டல் உருவங்களாக மாற்றி ஆட்டத்தில் உலவவிட்டது. திரைப்படம் நடிகரின் உடலைக் கணினிப் படிமமாகக் கரைத்தபோது, ஆட்டமோ கணினிக்குள் நடிகரின் நிழற்படத்தைக் குடியேற்றியது.

எந்திரங்களின் போர்க்களம்

இருவர் ஆடத்தக்க அந்தப் பெட்டியில் பொருத்தப்பட்டிருந்தவை இரு துப்பாக்கிகள். ஆடுபவருக்குச் சுடுவதே வேலை. படத்தின் தொடக்கத்தில் சில நிமிடங்களே வரும் 2029ஆம் ஆண்டின் மனித-எந்திரப் போரை, ஆட்டம் தன் முற்பாதி முழுவதும் நீட்டியது. அப்பாதியில் எதிரே வருபவை உலோக எலும்புக்கூடுகள். எவ்வளவு சுட்டாலும் ஜானின் கட்டளை மீறப்படுவதில்லை. கதையின் அறச்சிக்கலை ஆட்டம் தீர்க்கவில்லை. அது எழாத களத்துக்கு இடம்பெயர்ந்துகொண்டது.

வில்லியம்ஸ் நிறுவனத்துக்காக ஸ்டீவ் ரிச்சி வடிவமைத்த பின்பால் பொறியும் (1991) சுடுவதையே முன்னிறுத்தியது. பந்தை ஏவும் இடத்தில் துப்பாக்கிக் கைப்பிடியும் விசையும் இருந்தன.

வீட்டுக்கு வந்த வடிவங்கள்

வீட்டுக் கணினிகளுக்கு ஓஷன் நிறுவனம் கதையைத் துண்டு துண்டான சிற்றாட்டங்களாக்கியது. துரத்தலுக்கும் கைகலப்புக்கும் இடையே டி-800இன் கையைப் பழுதுபார்க்கும் நகர்கட்டப் புதிரும் உண்டு. நின்டெண்டோ கருவிகளுக்கு எல்.ஜே.என். நிறுவனத்தின் பெயரில் வேறு ஆட்டங்கள் வந்தன. ஒரே தலைப்பில் இரண்டு இருந்தால் குழப்பம் என்பதால், மிட்வே ஆட்டத்தின் வீட்டு வடிவம் 'டி2: தி ஆர்கேட் கேம்' என்ற பெயரில் விற்கப்பட்டது.

வாரிசு

மிட்வேயின் நிழற்பட உத்தி 1992இல் 'மோர்ட்டல் காம்பட்' ஆட்டத்தில் உச்சம் தொட்டது. தோற்றவரைக் கோரமாகக் கொல்வதே அதன் கவர்ச்சி. 1993இல் அமெரிக்க செனட் விசாரணைக்கு வந்த ஆட்டங்களுள் அதுவும் ஒன்று. அவ்விசாரணையின் தொடர்ச்சியாக 1994இல் வீடியோ கேம்களுக்கான வயதுத் தரப்படுத்தல் அமைப்பு உருவானது.

முடிவுரை

படத்திலிருந்து ஆட்டங்களுக்கு எளிதில் கடந்துவந்தவை துப்பாக்கி, துரத்தல், உலோக முகம் ஆகியன. திரைக்கதையில் டி-800 சுடாமல் விடும் ஒவ்வொரு உயிரும் அதன் வளர்ச்சியைக் காட்டும். ஆர்கேட் பெட்டியில் சுடாமல் விட்டது தவறவிட்ட புள்ளி. விசையை அழுத்துவதற்கு மட்டுமே மதிப்பெண் தரும் கருவியில், அழுத்தாமலிருப்பதன் பெருமையை எழுத இடமில்லை.