இணையத்தில் உள்ள தமிழிலிருந்து தரவு திரட்டுவது எப்படி?

சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டு பற்றிய பழைய செய்திகளை ஆண்டுவாரியாகத் தொகுக்க ஒரு மாணவர் விரும்பலாம். பேட்டையில் உள்ள கோயிலின் நிகழ்ச்சி அறிவிப்புகளைப் பட்டியலிட ஒரு தொண்டூழியர் நினைக்கலாம். இருவருக்கும் வேண்டிய விவரங்கள் இணையப் பக்கங்களில் இருக்கின்றன. அவற்றைக் கையால் ஒவ்வொன்றாக நகலெடுத்தால் வாரக்கணக்கில் ஆகும். கணினியிடம் கொடுத்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் தமிழ் என்று வரும்போது சில கூடுதல் படிகள் உண்டு.

குறியீடுகளை நீக்குதல்

இணையப் பக்கத்தில் செய்தி மட்டும் இருப்பதில்லை. தலைப்பு, பத்தி, படம், விளம்பரம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் குறியீடுகளும் அதனுள் கலந்திருக்கும். 'பைத்தான்' நிரல்மொழியில் உள்ள 'பியூட்டிஃபுல் சூப்' போன்ற கருவிகள் அந்தக் குறியீடுகளைக் கொண்டே தலைப்பையும் தேதியையும் செய்தியையும் தனித்தனியாக எடுத்துத் தரும். இந்தப் படி எல்லா மொழிகளுக்கும் ஒன்றுதான்.

பழைய எழுத்துருச் சிக்கல்

தமிழ் இணையத்தின் தொடக்க வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து சிங்கப்பூர்க் கவிதைகளை 4 மொழிகளில் இணையத்தில் ஏற்றினர். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். 1997 மே மாதத்தில் முதல் தமிழ் இணைய மாநாடும் இங்குதான் நடைபெற்றது.

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்திலோ வேறு குறிகளின் இடத்திலோ தமிழ் வடிவங்களைப் பொருத்தினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கத்தைத் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். அதிலிருந்து எடுக்கும் தரவும் அப்படியே இருக்கும். எனவே பழைய பக்கம் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்பதை அறிந்து ஒருங்குறிக்கு மாற்றுவது முதல் வேலை. 'ஓப்பன் தமிழ்' போன்ற இலவச நிரல்தொகுப்புகள் இதற்கு உதவுகின்றன.

ஒருங்குறியிலும் கவனம் தேவை. 'சிங்கப்பூர்' என்பது நமக்கு 6 எழுத்து. கணினிக்கு அது 11 குறிகள். 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், தேடும் சொல் கண்முன் இருந்தும் அகப்படாது.

சொல்லின் வேர்

'வீடு' என்று தேடினால் 'வீடுகள்' கிடைக்கும். 'வீட்டில்', 'வீட்டுக்கு' இரண்டும் விடுபடும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் அடிவடிவமே மாறுவதுதான் காரணம். ஆகவே 'வீடு', 'வீட்' என இரு வடிவங்களிலும் தேட வேண்டும். இடப்பெயர்களில் 'சிராங்கூன்', 'செராங்கூன்' என்ற எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இதைச் செய்யாமல் எண்ணினால் கிடைக்கும் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் உள்ள பழைய தமிழ் இதழ்கள், அச்சுப் பக்கங்களின் படங்கள். படத்தில் உள்ள எழுத்தைக் கணினி கண்டறியும்போது 'ர' என்ற எழுத்தையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய 'ணை', 'லை', 'றா' வடிவங்களும் தடுமாற வைக்கும். எடுத்த தரவில் ஒரு பகுதியையாவது மூலப் பக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம், கணினிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படைப்புகளை நகலெடுக்க அனுமதிக்கிறது. வணிக நோக்கத்துக்கும் இது பொருந்தும். ஆனால் படைப்பைச் சட்டப்படி அணுகியிருக்க வேண்டும். கட்டணத் தடுப்பை ஏமாற்றி உள்ளே நுழைந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எடுத்த நகலை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தவும் கூடாது. தொகுத்த செய்திகளை அப்படியே மறுபதிப்புச் செய்வது பகுப்பாய்வு ஆகாது.

தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றில் இன்னும் எச்சரிக்கை தேவை. தானியங்கி நிரல்மூலம் இணையத்திலிருந்து அவற்றை அறுவடை செய்து விளம்பரச் செய்தி அனுப்புவதைத் தேவையற்ற மின்னஞ்சல் கட்டுப்பாட்டுச் சட்டமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கின்றன. கோயில், சங்க நிகழ்ச்சிப் பக்கங்களைத் திரட்டும்போது ஏற்பாட்டாளர்களின் எண்களை விட்டுவிடுவதே பாதுகாப்பு.

ஏன் இப்போது?

உரையாடும் கணினி நிரல்கள் இணையத்தில் திரட்டிய எழுத்திலிருந்துதான் மொழியைக் கற்கின்றன. சிங்கப்பூரில் உருவான 'சீ-லயன்' மொழி மாதிரியும் தென்கிழக்காசிய மொழிகளுடன் தமிழைச் சேர்த்துக்கொண்டுள்ளது. குறியேற்றம் சிதைந்த பக்கத்தால் அதற்குப் பயனில்லை. 'தொண்டூழியர்', 'அடுக்குமாடிக் குடியிருப்பு', 'பேட்டை' என இங்கு புழங்கும் சொற்கள் அந்தப் பக்கங்களோடு மறைந்துபோனால், நம் பேரப்பிள்ளைகள் கணினியிடம் கேட்கும் தமிழில் சிங்கப்பூரின் சாயல் இருக்காது.

2019 முதல் '.எஸ்ஜி' என முடியும் இணையத்தளங்களைத் தனி அனுமதியின்றிச் சேமித்துவைக்கும் அதிகாரம் தேசிய நூலக வாரியத்துக்கு உண்டு. மற்ற முகவரிகளில் இயங்கும் சங்கங்களும் கோயில்களும் தங்கள் பழைய பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வோர் அறிவிப்பிலும் தேதி, இடம், நிகழ்ச்சியின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிவைத்தால், நாளை திரட்டுவோருக்குப் பாதி வேலை குறையும்.