பாணர் பசியும் மவுண்ட் ரோட்டு உணவகங்களும்



விடுமுறைக் காலம் வந்துவிட்டால் மரக்காணம் சுற்றுப்புறத்துக் குடும்பத்தார் நம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஹஜ்ரத், பிள்ளைகளோடு சென்னைக்குப் போகிறோம். மவுண்ட் ரோட்டில் எங்கே நம்பிச் சாப்பிடலாம்?" என்பதே அது. கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் வரலாறு நெடியது. அது நம் உப்பளக் கரையிலேயே தொடங்குகிறது.

சங்க நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அந்த இடைக்கழிநாடு நமக்கு அண்டைப் பகுதியே. ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று வந்த பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. எந்த ஊரில் யார் என்ன உணவளிப்பார் என்பதும் அவ்வழியில் சொல்லப்படுகிறது. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீன் தருவர். வேலூரில் எயினர் புளிச்சோறும் இறைச்சியும் தருவர். ஆமூரில் உழவர் வெண்சோற்றோடு நண்டுக் கறி தருவர். அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்குக் கள்ளும் வழங்கப்பட்டதாக நூல் கூறும். அது அக்காலத்தார் வழக்கம், நமக்கு விலக்கப்பட்டது. எனினும், முகமறியாக் கலைஞனின் பசியைத் தன் வீட்டுப் பசியாகக் கருதிய அப்பண்பை நாம் மதிக்கவே வேண்டும்.

பாணர் மரபு மறைந்தது. கலைக்கூடங்கள் நகரத்துக்கு இடம்பெயர்ந்தன. சென்னையில் 1913இல் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் எழுந்தது. அக்கட்டடம் பின்னர் அஞ்சல் துறையின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ரகுபதி வெங்கையா, அச்சாலையை அடுத்துக் கெயிட்டி திரையரங்கைத் தொடங்கினார். வெலிங்டன், எல்பின்ஸ்டன், காசினோ, சாந்தி, ஆனந்த், சபையர், தேவி என அரங்குகள் பெருகின. இன்று அண்ணா சாலை எனப்படும் அப்பெருவழி, மாலையில் மக்கள் கூடும் களமாயிற்று. காட்சி முடிந்து வெளிவரும் கூட்டத்துக்குப் பசி இருந்தது. அப்பசியைச் சார்ந்தே உணவகங்கள் வளர்ந்தன.

ஆனால் அந்நாளில் உணவகத்தின் வாயில் எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் தனிப் பந்தியும் தனி அறையும் வைத்திருந்த உணவகங்கள் பல. விடுதலைக்குப் பின்னும், 1957இல், திருவல்லிக்கேணி உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றனர்.

இச்சூழலில்தான் 1951இல் ஏ.எம்.புகாரி மவுண்ட் ரோட்டில் தம் உணவகத்தைத் திறந்தார். திரையரங்குகளிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய இடம் அது. பிரியாணியும் தேநீரும் அங்குப் பெயர்பெற்றன. 'சிக்கன் 65' என்னும் உணவு 1965இல் தம்மிடமே பிறந்தது என்பது அவ்வுணவகத்தாரின் கூற்று. காசு கொடுப்பவர் எவராயினும் ஒரே மேசையில் அமரலாம் என்ற நடைமுறை இன்று நமக்குச் சாதாரணம். தனிப் பந்தியைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கோ அது பெரிய செய்தி.

புகாரி என்ற பெயரைக் கேட்டவுடன் நமக்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்களே நினைவுக்கு வருவார்கள். இஸ்லாத்தில் சிறந்த செயல் எது என வினவப்பட்டபோது, உணவளிப்பதையும், அறிந்தவர் அறியாதவர் அனைவருக்கும் ஸலாம் உரைப்பதையும் நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டதாக அவ்விமாமின் தொகுப்பில் ஹதீஸ் உள்ளது. உணவும் முகமறியாதவரும் அங்கு ஒரே விடையில் இணைந்திருப்பதைச் சிந்தியுங்கள்.

நாம் உணவளித்த வரலாற்றை மட்டும் சொல்லிப் பெருமிதம் கொள்வது நீதியாகாது. அண்ணா சாலையிலிருந்து சிறிது தொலைவில், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசல் உள்ளது. ரமளானில் அங்கு நோன்பு திறக்க வருவோர்க்கு, மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துச் சகோதரர்கள் பல்லாண்டுகளாக உணவு சமைத்துக் கொணர்ந்து பரிமாறி வருகின்றனர். எயிற்பட்டினத்துப் பரதவர் பாணனுக்குச் செய்ததை அவர்கள் நமக்குச் செய்கிறார்கள்.

இனி, நம் ஊருக்குத் திரும்புவோம். 1876–78இன் கொடும் பஞ்சத்தில் சென்னையின் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதியைப் பசித்த மக்களே கூலிக்கு வெட்டினர். அதன்பின் பக்கிங்காம் எனப் பெயர்பெற்ற அக்கால்வாயின் தென்கோடி நம் மரக்காணம். உப்பும் விறகும் படகேறி அவ்வழியே நகரத்துக்குச் சென்றன. நகரத்து உலையில் விழுந்த உப்பில் நம் கரையாரின் வியர்வையும் கலந்திருந்தது.

நம் மதரஸாவில் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஓதுகின்றனர். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கிவிட்டால் அவ்வீடுகளில் வருவாய் நின்றுவிடும். மவுண்ட் ரோட்டில் எங்கே உண்பது என்ற கேள்வி அவ்வீடுகளில் எழுவதில்லை. இன்றிரவு என்ன உண்பது என்பதே அங்குள்ள கேள்வி. இரண்டு கேள்விகளும் ஒரே தெருவில் எழுகின்றன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆகவே, கேட்பவர்களுக்கு நாம் கூறும் விடை இது. சென்னைக்குச் செல்லுங்கள், ஹலாலை விசாரித்து, தொழுகை நேரம் தவறாமல், வீண்விரயமின்றி உண்ணுங்கள். மேசையைத் துடைக்கும் பணியாளரிடம் இன்முகம் காட்டுங்கள். ஊர் திரும்பியபின், அங்குச் செலவிட்டதில் ஒரு பங்கையேனும் மழைக்கால அடுப்பு ஒன்றுக்கு ஒதுக்குங்கள். நன்றியையும் கைம்மாறையும் எதிர்பாராது உணவளிப்போரைச் சூரத்துல் இன்ஸான் புகழ்கிறது. அக்கூட்டத்தில் நம்மையும் நம் மக்களையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.