மல்லாட்டை சொல்லும் கணக்கு: பயிர் மாற்றத்தின் வரலாறு

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று மண்ணைச் சுட்டுப் பொருளாக்கும் ஊர் அது. அங்கிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போனால் வெள்ளாற்றங்கரையில் பெண்ணாடம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பிறந்த ஊர். அவருடைய தந்தை அச்சுத களப்பாளர் வேளாளர் மரபில் வந்தவர். ஆக, மண்ணைச் சுட்டுப் பிழைப்பவர்களும் மண்ணை உழுது பிழைப்பவர்களும் அடுத்தடுத்து வாழும் வட்டாரம் இது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சூளையில் ஒருமுறை சுட்ட களிமண் மறுபடி களிமண் ஆகாது. விளைநிலத்து மண் அப்படி இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் அது மீண்டும் மீண்டும் விளையும். கொடுக்காவிட்டால் அதுவும் ஒருநாள் சுட்ட ஓடு மாதிரிதான்!

வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டுக் காய்கறி வளர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு கேள்வி வரும். "போன வருஷம் கத்தரி வச்ச இடத்துலயே இந்த வருஷமும் வைக்கலாமா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் தேடித்தான் மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செலவழித்திருக்கிறான்.

காரணம் தெரியாமலே கண்டுபிடித்தவர்கள்

பயறு வகை விளைந்த நிலத்தில் அடுத்து வரும் தானியம் செழிக்கும் என்பது பழைய ரோமானியர்களுக்குத் தெரிந்திருந்தது. சீனாவில் 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே எழுதிய வேளாண் நூலிலும் பச்சைப்பயறு போன்றவற்றை வளர்த்து மடக்கி உழும் முறை சொல்லப்பட்டிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு ஏட்டுச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் தை மாதத்தில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்து விடுவார்கள். நெல்லை அறுக்கும்போது பயறு முளைத்திருக்கும். தனியாக உழவு இல்லை, பாசனம் இல்லை. வயலில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியுமே போதும். ஒரே நிலம், அடுத்தடுத்து இரண்டு வேறு குடும்பப் பயிர்கள். பயிர் மாற்றம் என்றால் இதுதான்.

இங்கிலாந்தின் நான்கு பங்கு

இடைக்கால ஐரோப்பாவில் நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் சும்மா போட்டார்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு நிலத்திலிருந்து வருமானமே கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வேறொரு முறை பரவியது. கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, கிளோவர் என்ற தீவனப் பயறு என்று நான்கு வருடச் சுற்று. இதைப் பரப்பியதில் பெயர் பெற்றவர் அமைச்சராக இருந்த சார்லஸ் டவுன்சென்ட் பிரபு (1674-1738). 'டர்னிப் டவுன்சென்ட்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஆனால் அவர் கண்டுபிடித்த முறை அல்ல அது. ஐரோப்பாவின் ஃபிளாண்டர்ஸ் பகுதி விவசாயிகள் ஏற்கெனவே இப்படிச் செய்துகொண்டிருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டர்னிப்பும் கிளோவரும் முக்கியமாக ஆடு மாடுகளுக்கு. தீவனம் பெருகியதால் கால்நடை பெருகியது, கால்நடை பெருகியதால் எரு பெருகியது, எரு பெருகியதால் கோதுமை பெருகியது. இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வேர் முடிச்சின் ரகசியம்

பயறு ஏன் மண்ணை வளமாக்குகிறது? 1880களில்தான் விடை கிடைத்தது. ஜெர்மனியின் ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் பயறுச் செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன என்று நிரூபித்தார்கள். 1888இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பெயரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதை நெல்லோ கத்தரியோ நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத கதைதான்.

கிட்டத்தட்ட அதே சமயம், 1889இல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற விவசாய வேதியியல் நிபுணரை ஆங்கிலேய அரசு இந்தியாவுக்கு அனுப்பியது. இந்திய விவசாயத்தை எப்படித் திருத்தலாம் என்று சொல்வது அவர் வேலை. ஊர் ஊராகச் சுற்றிய அவர் 1893இல் வெளியான அறிக்கையில் வேறு மாதிரி எழுதினார். இந்திய விவசாயி சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குச் சளைத்தவன் அல்ல, பயிர் மாற்றமும் கலப்புப் பயிரும் அவனுக்கு நன்றாகவே தெரியும், அவனுக்கு இல்லாதது வசதிதான் என்பது அதன் சாரம். சாணம் எருவாகாமல் வரட்டியாகி அடுப்புக்குப் போவதையும் அவர் கவலையோடு குறிப்பிட்டார்.

மல்லாட்டை வந்த கதை

தென்னார்க்காட்டுக்காரர்கள் நிலக்கடலையை வேர்க்கடலை என்று சொல்வதைவிட மல்லாட்டை என்று சொல்வதே அதிகம். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. தென் அமெரிக்காவில் பிறந்த கடலைக்குப் பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் பெயர் கொடுத்திருக்கிறது!

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காடு மாவட்டம் கடலைக்குப் பெயர் பெற்றது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகக் கடலை போனது. கையில் காசு தரும் பயிர் என்பதால் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்த செம்மண் காடுகளில் கடலை ஏறியது.

1890களில் அடி விழுந்தது. சென்னை மாகாணத்தில் கடலைப் பரப்பும் விளைச்சலும் சரிந்தன. பழைய விதை வீரியம் இழந்ததும் நோயும் காரணமாகச் சொல்லப்பட்டன. பிறகு 'மொரீசியஸ்' என்ற பெயரில் வந்த புது விதைதான் பயிரை மீட்டது. இந்தப் பின்னணியில் 1905இல் பண்ருட்டிக்கு அருகே பாலூரில் நிலக்கடலைக்காக ஒரு வேளாண் பண்ணை தொடங்கப்பட்டது. அதே பாலூர்தான் இன்று காய்கறி ஆராய்ச்சி நிலையம். 'பாலூர் 1' கத்தரி அங்கே பிறந்தது. கடலை ஆராய்ச்சி விருத்தாசலத்தில் தொடர்கிறது. வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு வரும் கடலை ரகங்களும் முந்திரி ரகங்களும் அங்கிருந்து வந்தவையே.

இதே கடலை அமெரிக்காவில் நேர்மாறான வேலை செய்தது. அடிமையாகப் பிறந்து விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1896இல் அலபாமாவின் டஸ்கிகி கல்வி நிலையத்துக்கு வந்தார். வருடா வருடம் பருத்தி மட்டுமே போட்டுச் சோர்ந்துபோன நிலங்களைப் பார்த்தார். கடலை போடுங்கள், தட்டைப்பயறு போடுங்கள் என்று ஏழை கறுப்பின விவசாயிகளிடம் சொன்னார். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்பார்களே? அதற்காக 1916இல் கடலையைச் சமைக்க 105 வழிகள் கொண்ட ஒரு சிறு வெளியீட்டையே கொண்டுவந்தார்.

ஒரே செடி. ஒரு இடத்தில் மற்ற பயிர்களை ஓரங்கட்டியது. இன்னொரு இடத்தில் ஒற்றைப் பயிரிலிருந்து விவசாயியைக் காப்பாற்றியது. குற்றமும் பெருமையும் செடிக்கு அல்ல, போடும் முறைக்குத்தான்.

மூட்டையில் வந்த நைட்ரஜன்

1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனிலிருந்து அமோனியா தயாரித்துக் காட்டினார். 1913இல் ஜெர்மனியில் தொழிற்சாலையே வந்துவிட்டது. 1960களில் நம் நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு யூரியா தயாரித்தார்கள். அந்த ஆலை பின்னர் மூடப்பட்டது. வேர் முடிச்சு செய்த வேலையை மூட்டை செய்யும் என்று ஆனபிறகு பயிர் மாற்றம் எதற்கு என்ற எண்ணம் வந்தது. நடவுக்கரும்பு, அதன்பின் மறுதாம்பு, மறுபடியும் கரும்பு என்று வெள்ளாற்றுப் படுகையில் பல நிலங்கள் ஒரே பயிரில் ஓடின.

யூரியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. பசியைத் தீர்த்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது நைட்ரஜனை மட்டும்தான் தரும். ஒரே பயிரைத் தொடர்ந்து போட்டால் பெருகும் பூச்சியையும் நோயையும் நூற்புழுவையும் அது தடுக்காது. மண்ணின் மக்கையும் கூட்டாது.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். பயறு போட்டாலே மண் வளமாகிவிடும் என்பது பாதிதான் சரி. செடி பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி பருப்போடு வெளியே போய்விடும். மல்லாட்டையை வேரோடு பிடுங்குகிறோம், கொடி மாட்டுக்குப் போகிறது. மாட்டுச் சாணம் அதே நிலத்துக்குத் திரும்பினால்தான் கணக்கு நேராகும். நார்ஃபோக் சங்கிலியும் இதுதான். மாட்டை விற்றுவிட்டுக் கொடியையும் விற்றுவிட்டால் அது வெறும் செலவுக் கணக்கு.

அடுத்த வருடத் தோட்டம்

இனி அந்த நான்கு பாத்திகளுக்கு வருவோம். விதி ஒன்றே ஒன்று: ஒரே குடும்பம் ஒரே பாத்தியில் அடுத்த வருடமும் வரக்கூடாது.

1. முதல் பாத்தி: அவரை, கொத்தவரை, தட்டைப்பயறு.
2. இரண்டாம் பாத்தி: கத்தரி, தக்காளி, மிளகாய். மூன்றும் ஒரே குடும்பம். கத்தரிக்குப் பதில் தக்காளி வைப்பது மாற்றம் ஆகாது!
3. மூன்றாம் பாத்தி: பாகல், புடலை, பீர்க்கு, சுரை. இவையும் ஒரே குடும்பம்.
4. நான்காம் பாத்தி: முள்ளங்கி, வெங்காயம், கீரை, வெண்டை.

அடுத்த வருடம் பயறு இருந்த பாத்திக்குக் கத்தரி, கத்தரி இருந்த இடத்துக்குக் கொடி, கொடி இருந்த இடத்துக்கு முள்ளங்கியும் கீரையும், அங்கே பயறு. நான்கு வருடத்தில் சுற்று முடியும். பயறைப் பறித்தபின் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, தழையை அங்கேயே மூடாக்காகப் போட வேண்டும். வேர் மண்ணிலேயே மட்கட்டும். கோடையில் காலியாகக் கிடக்கும் பாத்தியில் சணப்பை விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கிவிடலாம். வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் ஓரத்தில் துலுக்கச் சாமந்தி வைப்பது உதவும்.

நாலடி தள்ளி வைப்பதால் பறந்து வரும் வெள்ளை ஈ ஏமாந்துவிடாது. வாடல் நோய்க் கிருமி மண்ணில் பல வருடம் தங்கக்கூடியது. கொல்லைத் தோட்டத்தில் பயிர் மாற்றத்துக்கு அந்த எல்லை உண்டு. ஆனாலும் மண் ஒரே பக்கமாகச் சோராமல் இருக்க இதைவிடச் செலவில்லாத வழி வேறு இல்லை.

இதற்கு வேண்டிய ஒரே கருவி ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பாத்தியில் எந்த வருடம் எது என்று எழுதி வைத்தால் போதும். ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள் பெரியவர்கள். அந்த ஆடி வரும்போது, போன ஆடியில் அங்கே என்ன இருந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கடையின் கடன் கணக்கை மறக்காமல் எழுதுகிற நாம், மண்ணிடம் பட்ட கடனை மட்டும் ஏன் மறக்க வேண்டும்?