பெருமின்னோட்டத்தை அளந்த கதை

மோட்டாருக்குப் பேசத் தெரியாது. ஆயினும் தன் சுமை எவ்வளவு என்பதை மின்னோட்டத்தின் வாயிலாக அது சொல்லிவிடுகிறது. சுமை கூடினால் மின்னோட்டமும் கூடும். சுழல முடியாமல் நின்றுவிட்டால் மின்னோட்டம் பன்மடங்காகி, சுருள் கருகிவிடும். 1937இல் கோவையில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினர். இன்று ஊர்தோறும் கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. பழுது பார்க்க வருபவர் முதலில் பார்ப்பதும் ஆம்பியரைத்தான்.

வேங்கிக்காலில் என் வீட்டுத் திண்ணையில் சில மாணவர்கள் ஒரு ரோபோ வண்டி செய்தார்கள். பழைய கார்களின் வைப்பர் மோட்டார்கள் இரண்டு. 12 வோல்ட் பேட்டரி. தாங்களே வரைந்து அரித்தெடுத்த சுற்றுப் பலகை. அதில் மின்னோட்டத்தை அளக்க 1 மில்லி ஓம் தடையம் ஒன்று. 30 ஆம்பியரைத் தாண்டினால் மோட்டார் தானே நிற்கும்படி அமைத்திருந்தார்கள். ஆனால் வண்டி சரிவில் பாதி ஏறியதும் நின்றது. சூடேறச் சூடேற, இன்னும் முன்னதாகவே நின்றது. மோட்டார் மேல் பழி போட்டுப் புதியது வாங்கினார்கள். அதுவும் நின்றது! குற்றம் எங்கே? விடை காண 200 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம், வாருங்கள்.

ஊசியும் கிளைவழியும்

1820இல் கோபன்ஹேகன் நகரில் எர்ஸ்டெட் என்னும் பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டி ஊசி திரும்பக் கண்டார். மின்னோட்டத்தை அதன் காந்த விளைவால் அளக்கலாம் என்பது அன்று புலனாயிற்று. ஊசியைச் சுற்றிக் கம்பியைப் பல சுற்று சுற்றியபோது கால்வனாமீட்டர் பிறந்தது. ஆனால் அதன் மெல்லிய கம்பி சில மில்லி ஆம்பியரையே தாங்கும். டைனமோக்களின் நூற்றுக்கணக்கான ஆம்பியரை எப்படி அளப்பது?

ஆற்று நீர் முழுவதையும் படியால் அளக்க இயலுமா? பெருவெள்ளத்தை ஒரு பருமனான தடையத்தின் வழியே விட்டு, அதன் இரு முனைகளுக்கிடையே தோன்றும் சிறு மின்னழுத்தத்தை மட்டும் அளந்தனர். இதுவே நம் பாடநூல்கள் கூறும் இணைத்தடம்.

இதிலும் இரண்டு இடையூறுகள் இருந்தன. முதலாவது, இணைப்புகளின் தடை. தடையமே மிகச் சிறியதாக இருக்கும்போது இணைப்பின் தடையும் அதனோடு சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், 1860களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். மின்னோட்டம் செல்ல இரண்டு முனைகள். மின்னழுத்தம் அளக்க, உட்புறத்தில் தனியே இரண்டு முனைகள். அளக்கும் கம்பிகளில் மின்னோட்டம் மிக மிகக் குறைவாதலால் அவற்றின் தடை கணக்கில் வாராது.

இரண்டாவது, வெப்பம். செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு உயர்கிறது. 50 பாகை சூடேறினால் 20 விழுக்காடு பிழை! அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் 1890ஆம் ஆண்டையொட்டி, செம்பு, மாங்கனீசு, நிக்கல் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தினார். சூடேறினாலும் அதன் தடை பெரிதும் மாறுவதில்லை. மாங்கனின் என்று வழங்கும் அதுவே இன்றும் இணைத்தடங்களில் உள்ளது.

பலகையில் ஒளிந்திருந்த தடை

1936இல் லண்டனில் பால் ஐஸ்லர் என்பவர் அச்சுச் சுற்றுடன் ஒரு வானொலியைச் செய்தார். கம்பிக்குப் பதில் செப்புத் தகடு வந்தது. இன்றைய பலகைகளில் அதன் தடிமன் பொதுவாக 35 மைக்ரோமீட்டர்; தலைமுடியில் ஏறத்தாழப் பாதி. அத்தகட்டில் ஒரு சதுரம் வெட்டினால், அது சிறிதாயினும் பெரிதாயினும், எதிர்ப்பக்கங்களுக்கிடையே தடை ஏறத்தாழ அரை மில்லி ஓம். நீளம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கிறது அல்லவா?

இப்போது மாணவர்களின் பலகையைப் பாருங்கள். செப்புப் பாதையின் அகலம் 1 செ.மீ. அளக்கும் கோடுகளைத் தடையத்தின் இருபுறமும் அரை அரை செ.மீ. தள்ளி எடுத்திருந்தார்கள். அதாவது ஒரு சதுரம் செம்பு! 1 மில்லி ஓம் என்று எண்ணியது உண்மையில் 1.5 மில்லி ஓம். 20 ஆம்பியர் பாய்ந்தபோதே 30 மில்லி வோல்ட் தோன்றியது. கருவி அதை 30 ஆம்பியர் என்று வாசித்தது. செம்பு சூடேறியதும் பிழை இன்னும் வளர்ந்தது.

இதை உறுதி செய்யப் பம்புசெட் பழுது பார்ப்பவரிடம் டாங் டெஸ்டரை இரவல் வாங்கினோம். அது சுழியம் காட்டியது! மாறு மின்னோட்டத்துக்கான மின்மாற்றி வகை அது. நேர் மின்னோட்டத்தை அறியாது. ஹால் விளைவில் இயங்கும் வேறொன்றைக் கொணர்ந்து கவ்வியதும், 20 ஆம்பியர் என்று உண்மையைச் சொன்னது.

ஐயம் தந்த கொடை

அது என்ன ஹால் விளைவு? காந்தப்புலம் தள்ளுவது கடத்தியையே அன்றி, அதில் பாயும் மின்னோட்டத்தை அன்று என்று மாக்ஸ்வெல் 1873இல் தம் நூலில் எழுதியிருந்தார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மாணவர் எட்வின் ஹாலுக்கு இதில் ஐயம் எழுந்தது. ஆசிரியர் ரோலண்டின் யோசனைப்படி, கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய தங்கத் தாளை வலிய காந்தத்தின் நடுவே வைத்தார். 1879 அக்டோபர் 28 அன்று தாளின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றியது. காந்தம் மின்னோட்டத்தையே ஒதுக்கியிருந்தது! எலெக்ட்ரான் கண்டறியப்படுவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது.

தங்கத்தில் இவ்விளைவு மிகச் சிறிது, குறைகடத்திகளில் பெரிது. ஆகவே 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது சிலிக்கான் சில்லுக்குள் குடியேறியது. கம்பியைத் தொடாமலே அதன் காந்தப்புலத்தைக் கண்டு மின்னோட்டத்தைச் சொல்கிறது.

அப்படியானால் ஹால் உணரியை எங்கும் ஒட்டலாமா? கூடாது. 20 ஆம்பியர் பாயும் நீண்ட கம்பியிலிருந்து 1 செ.மீ. தொலைவில் காந்தப்புலம் 0.4 மில்லி டெஸ்லா. நம் பகுதியில் புவியின் புலத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. அண்டைப் பாதையோ மோட்டாரின் காந்தமோ அருகிலிருந்தால், அதன் புலத்தையும் உணரி சேர்த்தே படிக்கும்.

பொருத்தும் இடமும் கருவியின் ஒரு பகுதியே. தாம்சன் காட்டிய வழியில் அளக்கும் கோடுகளைத் தடையத்தின் காலடியிலிருந்தே எடுத்து மாணவர்கள் பலகையை மீண்டும் செய்தார்கள். பழைய மோட்டார்களே வண்டியைச் சரிவின் உச்சிக்கு ஏற்றின. அளவு தவறாகத் தோன்றும்போது, நண்பர்களே, மோட்டாரைப் பழிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என் கருவி எதை அளக்கிறது? நான் அளக்க நினைத்ததைத்தானா?