தேமல் பூஞ்சையும் நிறமி குறைக்கும் சேர்மங்களும்

தேமல் என்பது மனிதத் தோலில் இயல்பாகவே வாழும் மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை அளவுமீறிப் பெருகுவதால் உண்டாகும் நிறமாற்றம். முதுகு, மார்பு, கழுத்து, மேற்கை ஆகிய இடங்களில் வெளிறிய திட்டுகளாகவும், சிலருக்குப் பழுப்புத் திட்டுகளாகவும் தோன்றும். இப்பூஞ்சையின் வளர்ப்பில் கண்டறியப்பட்ட அசெலாயிக் அமிலம் இன்று மங்கு, முகப்பரு ஆகியவற்றுக்கு மருந்தாகிறது. தோலில் வாழும் நுண்ணுயிரி நிறமியைக் குறைக்கும் சேர்மத்தை உருவாக்குவதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு இதுவே.

காரணி

தேமல் பூஞ்சையால் வருவது என்பதை 1846இல் ஜெர்மானிய மருத்துவர் ஐக்ஸ்டெட் கண்டறிந்தார். 1889இல் பையோன் இப்பூஞ்சைக்கு, பிரெஞ்சு அறிஞர் மலாசேயின் பெயரைச் சூட்டினார். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே உருவாக்க இயலாத இப்பூஞ்சை, தோலின் எண்ணெய்ப்பசையை உண்டு வாழ்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகும் பருவ வயதுக்குப் பிறகு தேமல் மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

நிறம் குறையும் விதம்

தோலுக்குக் கருமை தரும் மெலனின், டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உருவாகிறது. அதன் முதல் படியை நடத்தும் நொதி டைரோசினேஸ். மலாசீசியா எண்ணெய்ப்பசையிலுள்ள கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும்போது, ஒன்பது கார்பன் கொண்ட அசெலாயிக் அமிலம் உண்டாகிறது. அது டைரோசினேஸைத் தடுப்பதை 1978இல் ரோம் நகரில் நட்சாரோ-போரோ, பாசி ஆகியோர் வெளியிட்டனர்.

டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை ஊட்டி வளர்த்த பூஞ்சையிலிருந்து வேறு சேர்மங்களும் பின்னர் கிடைத்தன. அவற்றுள் மலாசெசின், வளர்ப்புத் தட்டிலுள்ள மெலனின் செல்களை மடியச் செய்கிறது. பிட்டிரியாசிட்ரின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. ஆகவே திட்டு வெளிறுவதற்கு ஒரே சேர்மத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

மருந்தும் ஆய்வும்

அசெலாயிக் அமிலம் 20 விழுக்காட்டுக் களிம்பாகவும் 15 விழுக்காட்டு ஜெல்லாகவும் கிடைக்கிறது. கடைக்கு வருவது பூஞ்சையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. ஒலியிக் அமிலத்தை ஓசோனால் பிளந்து ஆலைகளில் செய்யப்படுகிறது. தோல் பாக்டீரியாவிலும் நிறமி குறைக்கும் சேர்மங்கள் தேடப்படுகின்றன. பாக்டீரியா வளர்ந்த கரைசல் முதலில் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸிலும், அடுத்து எலியின் மெலனோமா செல்களிலும் சோதிக்கப்படுவது வழக்கம். அதில் தேறும் சேர்மமெல்லாம் மனிதத் தோலிலும் பலன் தரும் என்பதில்லை.

கடலோரச் சூழல்

வெப்பமும் ஈரப்பதமும் வியர்வையும் தேமலுக்குத் தோதானவை. திருவள்ளூர் மாவட்டத்தில் திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் இம்மூன்றும் ஆண்டின் பெரும்பகுதி உண்டு. ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு உடுத்திய துணி நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும். படகில் வலை இழுப்பவரின் முதுகு வெயிலில் கறுக்கக் கறுக்க, திட்டு மட்டும் கறுக்காமல் எடுப்பாகத் தெரியும். உப்புத் தண்ணீரோ வெயிலோ அதை உண்டாக்குவதில்லை; வெயில் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே.

கண்டறிதலும் சிகிச்சையும்

திட்டை நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடுபோல் செதில் உதிரும். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டைச் செல்களும் குட்டையான இழைகளும் தெரியும். தேமல்போலத் தோன்றும் வெண்புள்ளி நோயில் செதில் இராது. நிறம் பால்வெள்ளையாக இருக்கும். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மரத்திருக்கும். அந்த ஐயம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீட்டோகோனசோல், செலினியம் சல்பைடு ஆகியவை வழக்கமான பூச்சு மருந்துகள். நாட்டு மருத்துவத்தில் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவர். பூஞ்சை ஒழிந்தபின் செதில் நின்றுவிடும். நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். வெளிறல் நீடிப்பதை மட்டும் வைத்து மருந்து பலிக்கவில்லை என முடிவு செய்யக் கூடாது. செதில் மீண்டும் உதிர்கிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.