இறகுல எழுதின லாக்

சர்வர் விழுந்தா நாங்க முதல்ல தேடுறது லாக் ஃபைலைத்தான். பிரச்சினை எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா, காரணம் பாதி தெரிஞ்ச மாதிரி.

1960-களில் ஸ்வீடனுக்கும் அதே கேள்வி வந்தது. வயல்களில் பறவைகள் செத்துக் கிடந்தன. பூஞ்சை வராமல் இருக்க 1940-களிலிருந்து விதைத் தானியத்தில் மெத்தில் பாதரச மருந்து தடவினார்கள். அந்த விதையைத் தின்ற பறவைகள் செத்தன, அவற்றைத் தின்ற வல்லூறுகளும் செத்தன. சந்தேகம் மருந்து மேல்தான். ஆனால் பழைய டேட்டா எங்கே?

மியூசியத்தில் இருந்தது! இறகு வளரும்போது ரத்தத்தில் உள்ள பாதரசம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். வளர்ந்து முடிந்ததும் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதுக்கப்புறம் யாரும் எடிட் பண்ண முடியாத லாக் அது. ஆல்ஃப் யோனெல்ஸ், டோர்ப்யோர்ன் வெஸ்டர்மார்க் இருந்த குழு, நூறு வருஷத்து இறகுகளை நியூட்ரான் பாய்ச்சி அளந்து 1966-ல் முடிவை வெளியிட்டது.

வல்லூறு இறகில் 1940-கள் வரை கோடு கிட்டத்தட்ட தட்டை. பிறகு பத்து மடங்குக்கு மேல் எகிறியது. அதே 1966-ல் அந்த விதை மருந்துக்குத் தடை. கேஸ் முடிஞ்சதுன்னு தோணும்ல?

முடியலை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கொண்டை முக்குளிப்பான் விதை பொறுக்காது, ஏரியில் மூழ்கி மீன் பிடிக்கும். அதன் இறகில் பாதரசம் விதை மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது. ஆக, பக் ஒண்ணு இல்லை, ரெண்டு.

ரெண்டாவது, காகிதக்கூழ் ஆலைகளும் குளோரின் ஆலைகளும் தண்ணீரில் விட்ட கழிவு. அதில் போன பாதரசம் மெத்தில் வகை இல்லை. ஏரி அடியில் படிந்து கிடக்கும்னு நம்பினார்கள். ஆனால் பிடிபட்ட பைக் மீன்களில் இருந்ததோ மெத்தில் பாதரசம். யார் மாற்றியது? சோரன் யென்சனும் ஆர்னே யெர்னெலோவும் மீன்தொட்டிச் சேற்றை வைத்துச் சோதித்தார்கள். மாற்றியது சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள். 1969-ல் 'நேச்சர்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

அப்படி உருவானது பூச்சி, சின்ன மீன், பெரிய மீன்னு ஒவ்வொரு படியிலும் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். மீனைத் தின்னும் பறவையின் மூளைக்குப் போகும், முட்டைக்குள்ளும் போகும். குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகலாம்.

விதை மருந்தை ஒரு உத்தரவில் நிறுத்த முடிந்தது. சேற்றுக்கு எந்த உத்தரவும் செல்லாது. கர்ப்பிணிகள் ஏரி பைக் மீனை வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைக்கு மேல் சாப்பிட வேண்டாம்னு ஸ்வீடன் அரசு இன்னைக்கும் சொல்லுது. முக்குளிப்பான் இன்னைக்கும் தினமும் மீன்தான் சாப்பிடுது.